கோரையின் முதல் நிலத்துக்குள்

வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் கல்முனைப் பக்கத்து ஊர்களிலும் மாரி மழை ஓய்ந்து தை வெயில் விழுந்ததும் வளவுகளுக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும். புல் செருக்குகிறார்கள். கொச்சிக்காய்ப் பாத்தி, வெண்டிப் பாத்தி, பயற்றைக் கொடிக்கு நட்ட கம்புகளின் அடி, கிணற்றடி, வேலியோரம் எல்லாம் ஒரு காலைப்பொழுதில் துப்புரவாகிவிடும். செருக்கி ஒதுக்கிய குவியலில் பெரும்பங்கு கோரை. பத்து நாள் போனால் அதே பாத்தியில் ஊசி நட்டு வைத்ததுபோலப் பச்சை முனைகள் எழுந்து நிற்கும். எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: முன்பு ஒரு செடி நின்ற இடத்தில் இப்போது மூன்று நான்கு நிற்கிறது. பிடுங்கப் பிடுங்கக் குறைய வேண்டியது ஏன் கூடுகிறது? மண் கொழுத்துவிட்டது, எருவோடு வந்துவிட்டது, மழை அதிகம் என்று பல காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் விடையின் பெரும்பகுதி மண்வெட்டி எட்டாத இடத்தில், ஒரு சாண் ஆழத்துக்குள் கிடக்கிறது.

இந்தப் புதிருக்குப் பக்கத்திலேயே இரண்டாவது புதிர் ஒன்றும் உண்டு. வீரமுனை வயல்களை அண்டிய ஊர். வளவு முடிகிற இடத்தில் வரம்பு. வரம்புக்கு அப்பால் வேளாண்மை. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் அந்த வயல்களில் பலவகைக் களை முளைக்கிறது, கோரைக் குடும்பத்துச் செடிகள் உட்பட. ஆனால் வளவுக்குள் உயிரை வாங்குகிற இந்தக் கோரை, தண்ணீர் கட்டி நிற்கும் வயலுக்குள் அப்படிப் பெருகுவதில்லை. ஒரு வரம்பு அகலத்துக்குள் இவ்வளவு வேறுபாடு. இரண்டு புதிர்களையும் ஒன்றாக வைத்து யோசித்தால், கோரையிடம் நாம் தோற்பதற்குக் காரணம் கையில் வலு இல்லாதது என்று சொல்ல முடியாது. எப்போது பிடுங்குவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை பிடுங்குவது, எந்தக் காற்றடிக்கும் மாதத்தில் மண்ணைக் கிளறுவது என்கிற கணக்கில்தான் தோற்கிறோம். மண்வெட்டியைவிட நாட்காட்டிதான் இங்கே பெரிய ஆயுதம். அது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் செடியைச் சரியாக இனங்காண வேண்டும். பேச்சில் எல்லாமே புல்தான். தண்டை இரு விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். புல்லின் தண்டு உருண்டையாக, பெரும்பாலும் உள்ளே துளையோடு இருக்கும். கோரையின் தண்டுக்கு மூன்று விளிம்பு; உள்ளே வெண்ணெட்டி நிறைந்திருக்கும்; உருட்டினால் விரலில் இடறும். பாய் இழைக்கும் பன்னும், பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரையும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், ஆனால் அவை ஈர நிலத்தில் உயரமாக வளரும் வேறு இனங்கள். வளவில் நிற்கும் சிறு கோரைக்குத் தாவரவியலாளர் வைத்த பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ். 1753இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டபோது இதன் இருப்பிடம் இந்தியா என்று எழுதினார். பெயரின் பின்பாதி உருண்டை என்று பொருள்படும். நிலத்துக்குள் இருக்கும் கிழங்கை நினைத்தால் பொருத்தமான பெயர்தான். லீராய் ஹோம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய துணையாசிரியர்களும் 1977இல் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் இந்தக் கோரைக்கு. 90க்கு மேற்பட்ட நாடுகளில், 52 பயிர்களுக்கு இது தொல்லை கொடுப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள்.

இவ்வளவு தூரம் பரவிய செடி விதையால்தான் பரவியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. களை என்றவுடன் நம் மனம் காற்றில் பறக்கும் விதையைத்தான் நினைக்கிறது. குளிர்நாடுகளின் டன்டிலயன் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ரொறன்ரோவில் புல்தரையோடு வீடு வாங்கிய நம்மவர்களுக்கு அந்த மஞ்சள் பூவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரலில் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகக் களைகொல்லி தெளிப்பதைத் தடைசெய்த பிறகு அதைக் கையால் கிண்டியெடுக்கும் கருவிகளே அங்கு பலருக்குத் துணை. டன்டிலயன் பல இடங்களில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு பஞ்சுக்குடை. அந்தக் குடையின் இழைகளுக்கு மேலே காற்று ஒரு சிறு வளையமாகச் சுழன்று விதையைத் தாங்குகிறது என்பதை எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினார்கள். ஆகவே டன்டிலயனைக் கட்டுப்படுத்துகிறவர் ஆணிவேரை முழுதாகத் தோண்ட வேண்டும், பூ பஞ்சாகுமுன் கிள்ளவும் வேண்டும். நம்முடைய வளவிலும் அதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, பஞ்சுவைத்துப் பறக்கும் வெட்டுக்காயப் பூண்டு உண்டு. அதற்கும் பூவைக் கிள்ளும் இந்த வழி பொருந்தும். கோரைக்குப் பொருந்தாது. செந்தவிட்டு நிறத்தில் கோரை பூக்கிறது, காய்க்கவும் செய்கிறது. ஆனால் அந்த விதைகளில் முளைப்பவை மிகச் சில. இதை முளைப்பித்துப் பார்த்து அறிந்தது போக, 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டவர்களும் உறுதிசெய்தார்கள். வெவ்வேறு இடங்களில் எடுத்த கோரைச் செடிகள் ஒன்றின் நகல் மற்றொன்று என்னும்படி ஒத்திருந்தன. விதையால் பரவும் செடிகளில் இப்படி இருக்காது. கோரைப் பூவைக் கிள்ளிக்கொண்டிருப்பது கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றுவதுபோல. சரக்கு முழுவதும் பின்னால் உள்ள களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கும்.

அந்தக் களஞ்சியத்தைப் பார்க்க ஒரு செடியைப் பிடுங்காமல், அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை மெல்ல அகற்ற வேண்டும். மேலே இலைகள் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு தடிப்பு இருக்கும். அதை அடிக்குமிழ் என்று சொல்லலாம். அதிலிருந்து மெல்லிய கம்பிபோன்ற தண்டுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. வேர் என்று நாம் நினைக்கும் இவை வேரல்ல. நிலத்துக்குள் படுத்து ஓடும் தண்டுகள். கணுவும் செதிலிலையும் இருப்பதே அடையாளம். சிறிது தூரம் ஓடிய தண்டு நுனியில் பருத்துக் கிழங்காகிறது. கிழங்கிலிருந்து இன்னொரு தண்டு, அதன் நுனியில் இன்னொரு கிழங்கு. நூலில் கோத்த தஸ்பீஹ் மணிபோல, செபமாலைபோல, கிழங்குகள் வரிசையாகத் தொங்கும். இடையிடையே ஒரு கிழங்கு மேல்நோக்கி முளைத்து, நமக்குத் தனிச்செடியாகத் தெரிகிற ஒன்றை அனுப்பும். ஆக, பாத்தியில் இருபது கோரை நிற்கிறது என்று நாம் சொல்லும்போது உண்மையில் நிற்பது இரண்டோ மூன்றோ கோவைகளின் இருபது தலைகள். தலையில்லாமல் மண்ணுக்குள் உறங்கும் மணிகள் அதைவிட அதிகம். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கும். சில அதற்கும் கீழே போகும்.

முதற்புதிரின் விடை இந்தக் கோவையில் இருக்கிறது. முருங்கைக் கன்றின் நுனியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வெடிப்பதை எல்லோரும் அறிவார்கள். நுனிமொட்டு உயிரோடு இருக்கும்வரை அது அனுப்பும் வளர்ச்சிப்பொருள் மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அடக்கம் தளர்கிறது. பாடநூல்கள் இதை உச்சியாட்சி என்று சொல்கின்றன. கோரைக் கோவையிலும் இதே ஆட்சிதான் நடக்கிறது. முளைத்து மேலே நிற்கும் தலைகள், தம்மோடு இணைந்திருக்கும் உறங்கு கிழங்குகளை முளைக்க விடாமல் வைத்திருக்கின்றன. மண்வெட்டி செய்வது என்ன? தலையைச் சீவுகிறது; கொஞ்சம் ஆழமாகப் போனால் மணிகளைக் கோத்திருக்கும் நூலையும் அறுக்கிறது. அறுந்த ஒவ்வொரு துண்டும் இப்போது தனி வீடு. ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கத் தொடங்குகிறது. கோவையாக வைத்த கிழங்குகளையும் தனித்தனியாக அறுத்து வைத்த கிழங்குகளையும் ஒரே மண்ணில், ஒரே ஈரத்தில் வைத்துப் பார்த்த சோதனைகளில் அறுத்தவையே அதிகம் முளைத்தன. உழவு இயந்திரத்தின் சுழற்கலப்பை வந்த பிறகு மேட்டுநிலத் தோட்டங்களில் கோரை கூடுவதற்கும் இது ஒரு காரணம். ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான கோவைகளை நறுக்கி, சீராகப் பரப்பியும் விடுகிறது அந்தக் கருவி.

அப்படியானால் பிடுங்கவே கூடாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பிடுங்குவது கிழங்கை எழுப்பிவிடுகிறது என்பது உண்மை. எழும்பிய கிழங்கு செலவாளி என்பதும் உண்மை. முளை மண்ணைத் துளைத்து வெளியே வரும்வரை, வந்து சில இலை விரியும்வரை, அது வாழ்வது கிழங்கில் சேர்த்து வைத்த மாப்பொருளில். வியாபாரத்துக்குப் போட்ட முதல்போல, முதலில் கையிருப்பு கரைகிறது. இலைகள் வெயிலில் ஒளித்தொகுப்பு செய்து, தன் செலவுக்கு மேல் உழைக்கத் தொடங்கிய பிறகுதான் வருமானம் மண்ணுக்குள் இறங்குகிறது. சில வாரங்களில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்குகிறது. முதல் கரைந்து முடிந்து வருமானம் வரத் தொடங்குவதற்கு முந்திய அந்த இடைவெளியில் இலையைப் பறித்துவிட்டால் கிழங்குக்கு நட்டம் மட்டுமே மிச்சம். ஒரு கிழங்கில் பல மொட்டுகள் இருப்பதால் அது மறுபடியும் முளைக்கும். ஆனால் முன்னையதைவிட மெலிந்து முளைக்கும். மறுபடி பறித்தால் இன்னும் மெலியும். மாதம் ஒன்றரை மாதம் விட்டுவிட்டுப் பிடுங்கினாலோ, எழுப்பிய ஒவ்வொரு கிழங்குக்கும் முதலை மீட்டுப் பெருக்கிக்கொள்ள நாமே தவணை கொடுத்ததாகிவிடும். பிடுங்குவதே கோரையை ஒழிக்கிறது, பிடுங்குவதே அதைப் பெருக்குகிறது என்ற இரண்டு பேச்சும் ஊரில் அருகருகே நிலவுவது இதனால்தான். இரண்டுக்கும் இடையில் இருப்பது நாட்கணக்கு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1930களில் இதை வயலிலேயே சோதித்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இரண்டு பருவங்கள் தொடர்ந்து கிளறிய நிலத்தில் கோரை ஏறக்குறைய அற்றுப்போனது. களைகொல்லிகளின் காலத்துக்கு முந்திய அந்த முடிவை இன்றுவரை யாரும் பொய்யாக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு பருவம் என்பது சொல்ல எளிது, செய்ய யாரால் முடியும் என்ற மறுப்பு நியாயமானது. கூலிக்கு ஆள் பிடித்துச் செய்யும் பெரிய தோட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் ஒரு வீட்டு வளவில் மரக்கறிக்கு ஒதுக்கும் நிலம் சில பேர்ச்சஸ்தான். அந்த அளவுக்கு இது கையால் ஆகிற வேலை. ஒவ்வொரு சுற்றிலும் முளைப்பவை குறைவதால் முதல் மூன்று நான்கு சுற்றுகளே பாரம். பிறகு குனிந்து நிமிரும் நேரம் சுருங்கும். பாரத்தைக் குறைக்க இன்னொரு துணையும் இருக்கிறது: நிழல். கோரை நாற்காபன் வகைத் தாவரம். அதாவது சோளம், கரும்பு போலத் தன் இலைக்குள் காபனீரொட்சைட்டை இழுத்து நிரப்பும் ஒரு பம்பு வைத்திருக்கிறது. கொளுத்தும் வெயிலில் அந்தப் பம்பு பெரிய இலாபம். மற்றச் செடிகள் சோரும் நேரத்திலும் இது உழைக்கும். ஆனால் பம்புக்கு எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருள் வெயில்தான். நிழலில் பம்பை ஓட்டவே வரும்படி போதாது. அதனால் நிழல் விழுந்த கோரை நெட்டையாக வளர்ந்தாலும் கிழங்கு கட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். வற்றாளைக் கொடியை நெருக்கமாக நட்டுத் தரையை மூடவிடுவது இதனால் பயன் தரும்; நிழலோடு வற்றாளை மண்ணில் விடும் சில பொருள்களும் கோரையின் உறவான மஞ்சட்கோரையை அடக்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொடி தரையை மூடும்வரை கையால் பிடுங்கிக்கொடுப்பது நம் பொறுப்பு.

மருந்து அடித்தால் தீர்ந்துவிடாதா என்பது அடுத்த மறுப்பு. இதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. தொட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து கோரைக்கு மண்வெட்டியைவிட மேலானதல்ல. தலை கருகும், கிழங்கு தப்பும். கிளைபோசேட் என்ற களைகொல்லி வேறு வகை. அது இலையில் பட்டு உள்ளே போய், இலை உண்டாக்கும் வெல்லம் எந்த வழியில் கிழங்குக்குப் போகிறதோ அதே வழியில் பயணம் செய்கிறது. மருந்தைக் கதிரியக்கக் காபனால் அடையாளமிட்டு, அது எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தே இதை அறிந்தார்கள். ஆகவே இலையோடு இணைந்திருக்கும் கிழங்குகளை அது கொல்ல வல்லது. ஆனால் கோவையிலிருந்து அறுந்து மண்ணுக்குள் உறங்கும் கிழங்குக்கு இலையும் இல்லை, வெல்லம் வரும் வழியும் இல்லை. மருந்து அதைத் தொடாது. செருக்கிய மறுவாரம் மருந்தடிப்பவர் காசை மண்ணில் கொட்டுகிறார் என்றே சொல்ல வேண்டும். சட்டத்தின் பாதையும் நேராக இருக்கவில்லை. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் இலங்கை கிளைபோசேட்டைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்களித்தது. 2022இல் தடையை முழுமையாக நீக்கியது. நோய்க்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் விவாதத்தில் இருக்கும் ஒன்று. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், கல்முனைக் கரையோரத்து மணல் வளவுகளில் கிணறு ஆழமற்றது, பாத்திக்குச் சில அடி தள்ளியே தோண்டியிருக்கும். சில பேர்ச்சஸ் கோரைக்காகக் குடிநீர் ஊறும் மணலில் எந்த இரசாயனத்தையும் தெளிக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் உறுதியான கருத்து. உப்பைக் கொட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உப்பு கோரையைவிட முன்னதாகக் கொச்சிக்காயைக் கொன்றுவிடும்.

கறுப்புப் பொலித்தீன் விரித்தால் எந்தக் களையும் சாகும் என்றொரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலான களைகளுக்கு அது சரி. கோரை அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஏன் என்று தேடியவர்கள் கண்டது அழகான உண்மை. மண்ணுக்குள்ளிருந்து மேலே வரும் கோரை முளையின் நுனியில் செதில்கள் இறுக்கமாகச் சுருண்டு ஒரு தைக்கும் ஊசிபோல இருக்கும். அந்த ஊசி எப்போது விரிந்து இலையாக வேண்டும் என்பதை முடிவுசெய்வது வெளிச்சம். கறுப்புப் பொலித்தீனுக்குக் கீழே இருட்டு. தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே முளை நடந்துகொள்கிறது. ஊசியாகவே முன்னேறி, தடையைத் துளைத்துவிடுகிறது. கண்ணாடிபோன்ற பொலித்தீனுக்குக் கீழே நிலைமை மாறுகிறது. வெளிச்சம் பட்டதும் வெளியே வந்துவிட்டதாக எண்ணி ஊசி விரிகிறது; விரிந்த இலை மெல்லியது, எதையும் துளைக்க முடியாது; படலத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு சூட்டில் கருகுகிறது. 1990களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, மண்ணுக்கும் படலத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுகூட வேண்டாம், சில மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலே பெரும்பாலான முளைகள் சிக்கிக்கொண்டன. வெயில் காலத்தில் இதற்கு இரண்டாவது பயனும் உண்டு. ஒளிபுகும் படலத்தின் கீழ் மேல்மண் நாள்தோறும் 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் அங்குள்ள கிழங்குகள் வெந்து மடிகின்றன. ஆழத்தில் இருப்பவை தப்பும். அவை மேலே வரும்போது படலத்தில் சிக்கும்.

இந்தச் சூட்டுக்கு நம் பகுதியில் தனிக் காலமே இருக்கிறது. வைகாசிக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கினால் மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை கொடியில் போட்ட துணி நொடியில் காயும், உதடு வெடிக்கும். ஊரார் அலுத்துக்கொள்ளும் அந்தக் காற்றுதான் கோரைக்கு எதிரான நமது மிகப்பெரிய துணை. பச்சைக் கிழங்கின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அது காய்ந்து 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கிழங்கு மறுபடி உயிர்க்காது. மண்ணுக்குள் இருக்கும்வரை அப்படிக் காய்வதை, சுற்றியுள்ள ஈரம் தடுக்கிறது. மேலே கொண்டுவந்து வெயிலிலும் கச்சானிலும் நாலைந்து நாள் பரப்பினால் தடுக்க எதுவும் இல்லை. மாரியில் செருக்கினால் அறுந்த துண்டுகளுக்கு அன்றே ஈரம் கிடைத்து முளைக்கும். கச்சானில் ஒரு சாண் ஆழத்துக்கு முள்ளுக்கரண்டியால் புரட்டி, கட்டிகளை உடைத்து, கிழங்குகளை வெயிலுக்குக் காட்டினால் அதே அறுப்பு அவற்றின் சாவாகிறது. ஒரே வேலை, ஒரே கருவி. மாதம் மாறியதும் பலன் தலைகீழாகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. கோடையில் மரக்கறிக்குத் தண்ணீர் ஊற்றும் பாத்தியில் இது பலிக்காது. வளவை இரண்டு மூன்று பங்காக்கி, ஒரு பங்கை ஒரு கோடைக்குத் தண்ணீரில்லாமல் காயவிட வேண்டும். அந்தப் பங்கின் விளைச்சல் ஒரு போகம் போகும். போகட்டும் என்றே சொல்வேன்.

காய்ச்சல் ஒரு முனை என்றால் வெள்ளம் மறுமுனை. நாம் தொடக்கத்தில் பார்த்த இரண்டாவது புதிர் இங்கே அவிழ்கிறது. நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. நெல் தன் தண்டுக்குள்ளேயே காற்றறைகள் வைத்து மேலிருந்து வேருக்கு ஒட்சிசன் இறக்குகிறது. மேட்டுநிலக் கோரையின் கிழங்கு மூழ்கிய மண்ணில் அவ்வாறு மூச்சுவிட்டு முளைக்க முடியாமல் திணறுகிறது. நெருங்கி வளரும் வேளாண்மையின் நிழலும் சேரும்போது வரம்புக்கு அப்பால் அதற்கு வாழ்வில்லை. ஆனால் இதையே நிரந்தரக் காவல் என்று நம்பிவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் நெல்லும் வெங்காயமும் மாறிமாறிப் பயிரிடும் வயல்களில் வெள்ளத்தைத் தாங்கும் கோரை வகை ஒன்று உருவாகியிருப்பதை 2009இல் அங்குள்ள ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அதன் கிழங்குகள் மேட்டுநில வகையினதைவிடப் பெரியவை, வெல்லக் கையிருப்பு அதிகம். ஒட்சிசன் குறைந்த சேற்றுக்குள்ளிருந்தும் முளைத்து மேலே வர அந்த முதல் போதுகிறது. நாம் தரும் ஒவ்வொரு பருவமும் களைக்கு ஒரு தெரிவுப் பரீட்சை. பெரும்போகம் முடிந்த வயலில் மரக்கறியோ நிலக்கடலையோ போடும் பழக்கம் பெருகினால், வரம்பில் நிற்கும் கோரையைக் கண்டும் காணாமல் விடுவது ஆபத்து.

கோரைக்கிழங்கு மருந்தாயிற்றே, ஒழிக்கலாமா என்று கேட்பவர்களையும் மதிக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் முத்தக்காசு இதுதான்; காய்ச்சலுக்கும் செரிமானக் கோளாறுக்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சூடானில் அல் கிதாய் என்ற இடத்துப் பழைய புதைகுழிகளில் கிடைத்த மனிதப் பற்களின் காரையைச் சோதித்தது. ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்தவர்கள் கோரைக்கிழங்கைத் தின்றதற்கான தடயங்கள் அந்தக் காரையில் இருந்தன. பற்சொத்தை அவர்களிடம் குறைவாக இருந்ததற்கு அக்கிழங்கிலுள்ள கிருமியெதிர்ப்புப் பொருள்கள் காரணமாகலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். இது கோரையின் பெருமை. ஆனால் ஒரு வளவில் அதைக் கட்டுப்படுத்துவதால் ஊரில் முத்தக்காசுக்குப் பஞ்சம் வந்துவிடாது. தேவைப்படுபவர் தனிச்சட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். அப்படிக் கட்டுப்படுத்தப் பூச்சியை விட்டுத் தின்ன வைக்கலாமே என்ற யோசனையும் புதிதல்ல. ஹவாய்த் தீவுகளுக்கு 1920களிலேயே பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுபோனார்கள். தண்டைத் துளைத்ததே தவிர, அது கோரையை அடக்கவில்லை. அதன் முட்டைகளையே தின்னும் வேறு குளவிகள் அங்கு இருந்தன.

இத்தனை உழைப்பும் ஒரு லோட் மண்ணில் வீணாகலாம். காற்றில் பறக்காத, பறவை சுமக்காத இந்தக் கிழங்கு ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குப் போவது பெரும்பாலும் மனிதர் மண்ணைக் கொண்டுபோவதால்தான். பள்ளம் நிரப்ப ஏற்றி வரும் மண், நாற்றுமேடையில் வாங்கும் பூங்கன்றின் பை, அயல் வளவில் உழுதுவிட்டு நேரே வந்த இயந்திரத்தின் கலப்பை, செருக்கிய கோரையைக் கிழங்கோடு சேர்த்துக் கொட்டிய எருக்குழி என்று அதற்கு வண்டிகள் பல. டன்டிலயன் பறந்து வருவதை ஒன்ராறியோவில் யாராலும் தடுக்க முடியாது. கோரை வருவதை வாசலிலேயே தடுக்கலாம் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. புதுமண் வந்திறங்கினால் பாத்தியில் பரப்புமுன் நாலைந்து இடங்களிலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, ஒரு பழைய சட்டியில் போட்டு, தினமும் கொஞ்சம் நீர் தெளித்து, வெயில் படும் இடத்தில் மூன்று வாரம் வைத்துப் பார்க்கலாம். பூங்கன்று வாங்கினால் பையோடு அதே மூன்று வாரம் கிணற்றடிச் சீமெந்துத் தளத்தில் நிறுத்தலாம். சட்டியிலோ பையிலோ மூன்று விளிம்புத் தண்டோடு ஒரு பச்சை ஊசி எழுந்தால், அந்த மண் கச்சானில் காய்ந்து முடியும்வரை வேலிக்கு வெளியே கிடக்கட்டும்.